'குட்பை'க்குள் இருக்கும் கடவுள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

'குட் மார்னிங்' என்பதில் வரும் 'குட்'தான் 'குட்பை'யிலும் வருகிறது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அந்த இடத்தில் முதலில் நின்றது 'காட்', அதாவது கடவுள். 'கடவுள் உம்மோடு இருப்பாராக' எனப் பொருள்படும் 'காட் பி வித் யே' என்னும் முழு வாக்கியமே, பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பேசிப் பேசித் தேய்ந்து ஒரு சொல்லாயிற்று. கேபிரியல் ஹார்வி என்னும் அறிஞர் 1573ஆம் ஆண்டளவில் எழுதிய கடிதத்தில், தமக்குக் கிடைத்த ஒரு கேலன் 'காட்ப்வை'களுக்கு ஈடாக அரை கேலன் 'ஹவ்டி'களை, அதாவது 'நலமா' என்னும் விசாரிப்புகளை, திருப்பித் தருவதாகச் சொல்கிறார். வாழ்த்தை முகந்து அளக்கும் அந்த அழகிய வரியில், தேய்ந்துகொண்டிருக்கும் சொல்லை நாம் பாதி வழியில் பார்க்கிறோம். 'காட்' அப்படியே இருக்க, மற்றவை சுருங்கிவிட்டன. பிறகு 'குட் டே' போன்றவற்றின் சாயல் படிந்து, 'காட்' என்பதும் 'குட்' ஆயிற்று. பிரெஞ்சிலிருந்து வந்த 'அடியூ'வும் 'கடவுளிடம் ஒப்படைக்கிறேன்' என்பதே.

'ஃபேர்வெல்' என்பதில் உள்ள 'ஃபேர்' பயணத்தைக் குறிக்கும் பழஞ்சொல். பேருந்துக் கட்டணத்தை 'ஃபேர்' என்பதும் அந்த வேரிலிருந்தே. ஆகவே தொடக்கத்தில் அது புறப்படுபவரைப் பார்த்து, 'நல்லபடியாகப் போய் வாருங்கள்' என்று வழியனுப்புபவர் கூறிய சொல். பிரிகிற நேரத்தில்தான் மனிதருக்கு அச்சம் மிகுகிறது. அதனால்தான் விடைபெறும் சொற்களில் இவ்வளவு வேண்டுதல் படிந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

'ஹலோ'வில் அப்படி எந்த வாழ்த்தும் இல்லை. தொலைவில் இருப்பவரை அழைக்கவும், வேட்டை நாய்களை ஏவவும் எழுப்பிய கூவல்களின் வழியில் வந்தது அது. தொலைபேசி வந்தபோது கிரகாம் பெல் விரும்பியது, மாலுமிகள் கூவும் 'அஹோய்' என்ற சொல்லை. எடிசனோ, 1877 ஆகஸ்ட் 15 அன்று பிட்ஸ்பர்க் நகரத் தந்தி நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், 'ஹலோ' என்றால் பத்து முதல் இருபது அடி தொலைவுக்குக் கேட்கும், ஆகவே அழைப்பு மணியே தேவைப்படாது என்று குறிப்பிட்டார். மணி பின்னர் எப்படியும் வந்துவிட்டது. ஆனால் அது ஒலித்ததும் நாம் எடுத்துச் சொல்வது, அதற்குப் பதிலாக அவர் முன்மொழிந்த அதே சொல்லைத்தான்.