விடுதிப் பக்கம் திறக்கும் கதவு

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகள் திறக்கும் நேரம் இது. இந்த வாரம் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்பா தலையில் பெட்டி, அம்மா கையில் புது பக்கெட்டு, அதற்குள் சோப்பு டப்பாவும் பூட்டும் சாவியும். கொஞ்சம் பின்னால், சுற்றிச் சுற்றிப் பார்த்தபடி ஒரு பிள்ளை. முதலாம் ஆண்டு. அந்தப் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறிய பிறகு, ராத்திரி அதனோடு யார் இருக்கிறார்கள்? இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நான் வேதியியல் பேராசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் ஏழு வருடம் மகளிர் விடுதிக்குள்ளேயே குடும்பத்தோடு குடியிருந்தேன். முதலாம் ஆண்டு பிளாக்கின் தரைத்தளத்தில் வார்டனுக்கென்று கட்டிய வீடு அது. அதற்கு இரண்டு வாசல். ஒன்று தெருப் பக்கம். இன்னொன்று சமையலறையை ஒட்டி, விடுதி வராந்தாவுக்குள் திறக்கும். நாங்கள் குடிபோனபோது அந்த இரண்டாவது கதவில் பெரிய பூட்டு தொங்கியது. உள்பக்கம் பீரோவை வைத்து மறைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பல வருடம் அந்த வீட்டில் யாரும் தங்கவில்லை. வார்டன் வேலை என்பது கூடுதல் பொறுப்பு. சாயங்காலம் வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு அழகாபுரத்துக்கோ அஸ்தம்பட்டிக்கோ வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் முதல் வருடம் அந்தப் பூட்டைத் தொடவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போன ஒரு பெண் திரும்பி வரவில்லை. விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும், முதல் பெரிய லீவு ஒரு கண்டம். அந்தப் பெண்ணின் அப்பா டி.சி. வாங்க வந்தார். என்னங்க ஆச்சு என்று கேட்டேன். “புடிக்கலைங்குதுங்க” என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. அப்புறம் அறையைப் போய்ப் பார்த்தேன். அவள் கட்டில் என் சமையலறைச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. மூன்று மாதம், ஒரு செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பிள்ளை. அவள் முகத்தை எவ்வளவு யோசித்தும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே நானும் என் கணவரும் சேர்ந்து அந்த பீரோவை நகர்த்தினோம்.

கதவைத் திறந்து வைத்ததும் பிள்ளைகள் ஓடி வந்துவிடவில்லை. பத்து நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, “மேம், கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?” என்றாள். வயிற்று வலி. பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மாதத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் ராத்திரி எட்டு மணியிலிருந்து பெரிய குண்டான் ஏறியே இருக்கும். வெந்நீர் வாங்க வந்தவர்கள் பாட்டில் நிறைந்த பிறகும் நின்றார்கள். அந்த நிற்கிற நேரத்தில்தான் பேச்சு வரும். இன்டர்னல் மார்க் என்றால் என்ன, ஒரு பேப்பரில் அரியர் விழுந்தால் காலேஜை விட்டு அனுப்பிவிடுவார்களா, இங்கிலீஷில் நடத்துவது புரியவில்லை என்று யாரிடம் சொல்வது. வகுப்பில் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அந்தச் சமையலறை வாசலில் வந்தன.

ஒரு பெண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக் கிராமம். அப்பா காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. காலை ஒன்பது மணி என் வகுப்பில் தினமும் தூங்கி விழுவாள். ஒரு நாள் எழுப்பி நிறுத்தி, “ராத்திரியெல்லாம் என்ன பண்றீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதே வாரம் இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். வராந்தாப் படிக்கட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவள்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: “ஃபேன் சத்தம் மேம். எங்க வீட்ல ஃபேனே கிடையாது. மேல சுத்துறது விழுந்துடுமோன்னு பயமா இருக்கு.”

யோசித்துப் பாருங்கள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். இருபது கொண்டை ஊசி வளைவு. ஆனால் மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வருடம் முழுக்கப் போர்த்திப் படுத்த பிள்ளை அவள். அறையில் மற்ற மூவரும் ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி. ஃபேனை ஐந்தில் வைக்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. மூன்று வாரம் இவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அவளைத் திட்டியதும் நான்தான், ராத்திரி காரணம் தெரிந்துகொண்டதும் நான்தான். அங்கே குடியிருக்காவிட்டால் முதல் பாதியோடு என் வேலை முடிந்திருக்கும். மறுநாள் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினோம். அறைப் பிள்ளைகளிடம் சொன்னதும், “இவ தூங்கற வரைக்கும் ரெண்டுல வச்சுக்கறோம் மேம்” என்று அவர்களே சொன்னார்கள். எவ்வளவு சின்ன விஷயம்! அதைச் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வெளிநாடுகளில் இதை ஓர் ஏற்பாடாகவே வைத்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் தொடக்கத்திலிருந்தே ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிச் சேர்ந்து சாப்பிட்ட இடங்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு 1930-இலும் யேல் 1933-இலும் அந்த மாதிரி இல்லங்களைத் திறந்தன. எனக்கு மிகவும் பிடித்தது வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு. 2008-இலிருந்து அங்கே முதலாம் ஆண்டு மாணவர்களைப் பத்து இல்லங்களில் சேர்த்துத் தங்க வைக்கிறார்கள். ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு பேராசிரியர் குடியிருக்கிறார். நம் பக்கமும் இது புதிதல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. அங்கே சேலையூர் ஹால், புனித தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று ஒவ்வொரு ஹாலுக்கும் பேராசிரியர் ஒருவர் வார்டன். படித்தவர்கள் இன்றைக்கும் “நான் இந்த ஹால்” என்று சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வார்கள்.

இதைக் கேட்கும்போது சிலருக்கு, அட, நம்ம குருகுலம்தானே என்று தோன்றும். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு வலி உண்டு. பழைய குருகுலத்தில் அந்த மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு இடம் கிடைத்திருக்காது. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துப் பெரியாரோடு நின்று போராடியவர் வரதராஜுலு நாயுடு. அவர் நம் ராசிபுரத்துக்காரர். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதற்கு இந்த மண்ணில் அவ்வளவு கனம் உண்டு. அதனால்தான் வாரத்தில் மூன்று நாள் ராத்திரிச் சாப்பாட்டை நான் மெஸ்ஸில் சாப்பிட்டேன். முதல் நாள் சமையல்கார அக்கா எனக்கு மட்டும் மூடி போட்ட தட்டில் முட்டைப் பொரியலோடு கொண்டுவந்தார். வேண்டாங்க்கா, வரிசையில் வந்து வாங்கிக்கிறேன் என்றேன்.

மெஸ்ஸில் உட்கார்ந்தால்தான் தெரியும் சில விஷயங்கள். மெஸ் பில் கட்டாதவர்கள் பட்டியலைச் சாப்பாட்டுக் கூட வாசலிலேயே ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் அது ஒட்டிய நாளிலிருந்து நான்கைந்து பிள்ளைகள் ராத்திரி சாப்பிட வர மாட்டார்கள். யாரும் அவர்களை வரக்கூடாது என்று சொல்லவில்லை. தங்கள் பெயருக்குக் கீழே நடந்து உள்ளே வர அவர்களால் முடியவில்லை. பன் வாங்கி வைத்துக்கொண்டு அறையிலேயே படுத்துவிடுவார்கள். அந்தத் தாளை எடுக்க வைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

சரி, எல்லாப் பேராசிரியர்களும் விடுதிக்குக் குடிபோய்விட முடியுமா? முடியாது. எனக்கும் சுலபமாக இல்லை. என் மகன் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் வீட்டில் அமைதியே கிடையாது. குடிபோகிறவர்களுக்குக் கல்லூரி செய்துகொடுக்க வேண்டியவை இருக்கின்றன. வகுப்பு நேரத்தைக் குறைக்க வேண்டும், மாற்று ஆள் வைத்து மாதத்தில் சில நாள் விடுப்புத் தர வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அவுட்பாஸ் கையெழுத்தும் கேட் நேரமும் அவர் கையில் இருக்கக் கூடாது. இரண்டாம் வருடம் நான் கேட்டு அந்தப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிக்கொண்டேன். தண்டிக்கிற ஆளிடம் எந்தப் பிள்ளையும் வெந்நீர் கேட்டு வராது.

விதி என்னவோ எழுத்தில் இருக்கிறது. ஒரு மருத்துவ மாணவர் கொலையானதைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள், புதிதாகச் சேர்ந்தவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியர் தினமும் பேச வேண்டும் என்கின்றன. பகலில் நான்கு மணிக்கு நிற்க வைத்துப் பேசினால் பிள்ளைகள் “நல்லா இருக்கோம் மேம்” என்றுதான் சொல்வார்கள்.

இப்போது இதன் தேவை கூடியிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும் அடுத்த வருடம் பொறியியல் போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகள் இன்றைக்கு விடுதி அறைகளில் இருக்கிறார்கள். சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டோம். அவர்களை அந்த முதல் ஆயுத பூஜையைத் தாண்ட வைப்பது ஆசிரியர்களாகிய நம் வேலை. இந்த மாதம் பிள்ளையை விடப் போகிற பெற்றோரே, கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போது, ராத்திரி பத்து மணிக்கு மேல் இங்கே எந்த ஆசிரியர் இருக்கிறார் என்றும் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

அந்த மலைக் கிராமத்துப் பெண்ணின் அப்பா, பொங்கல் முடிந்து அவளைக் கொண்டுவந்து விட்டார். கையில் ஒரு துணிப்பை, அதில் அவர்கள் வீட்டு மிளகு. பெண்ணை கேட்டில் விட்டுவிட்டு, எனக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்து, தெரு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார். கதவைத் தட்டவும் தயக்கம். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் விடுதிக்குள் போய், வராந்தாக் கதவு வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்து, கூடத்தைத் தாண்டி, தெருக் கதவின் தாழ்ப்பாளைத் தானே திறந்திருக்கிறாள். நான் இறங்கி வரும்போது கேட்டது அவள் குரல்தான்: “ஏம்ப்பா வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க. உட்காருங்க, வெந்நி இருக்கும், காப்பி போடறேன்.”

நன்றி. வணக்கம்.