ஊர் நடுவே ஒரு ரூம்

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். மதுரைக்குக் குடும்பத்தோடு போனால் தங்க வேண்டியது கோயிலை ஒட்டிய பழைய ஊர் ஹோட்டலிலா, ஊருக்கு வெளியே ரிசார்ட்டிலா? நான் பழைய ஊர்க் கட்சி.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “டவுன் ஹால் ரோட்டு ஹோட்டலில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பதுதான் தெரியும். அதற்கு வாடகை வேறா?” நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். இருக்கட்டும்.

மார்கழி மாசம், அரையாண்டு லீவு. விடியற்காலையில் எல்லாரும் கோயிலுக்குப் போனோம். மேலக் கோபுரத்தில் செருப்பை விட்டோம். 2018 முதல் செல்போனுக்கும் தடை, அதையும் கொடுத்துவிட்டோம். உள்ளே பொற்றாமரைக் குளத்துப் படியில் திரும்பிப் பார்த்தால் மாமனாரைக் காணோம்!

போன் கிடையாது. வாசலோ நாலு. தெற்குக் கோபுரத்துக்கு ஓடினோம். 170 அடி உயரம். என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்க்கிறார். “என்னங்க, மாமா அங்கேயா ஏறியிருப்பார்?” என்றேன். கிழக்கே போனோம், புதுமண்டபம் பக்கம் போகிற வேட்டியெல்லாம் மாமனாராகவே தெரிகிறது. ஒருவரைத் தோளில் தட்டியே விட்டார் என் கொழுந்தனார். வடக்கே போனோம், சின்னவள் அழ ஆரம்பித்தாள். சரி, செருப்பையாவது போட்டுக்கொண்டு தேடலாம் என்று மேலக் கோபுரத்துக்கு வந்தால், செருப்பு டோக்கன் மாமனார் சட்டைப் பையில்!

வெறுங்காலோடு மொத்தக் குடும்பமும் ரூமுக்கு நடந்தது. கதவைத் திறந்தால் மாமனார் காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கிறார். கட்டிலுக்கடியில் எங்கள் எல்லார் செருப்பும் வரிசையாக! “எங்கே போயிட்டு வர்றீங்க? நீங்க முன்னாடியே வந்திருப்பீங்கன்னு நெனச்சேன்” என்கிறார்.

மறுபடியும் சொல்கிறேன் நடுவரே, வெறுங்காலோடு! தம்பி, உங்கள் ரிசார்ட்டுக்கு அந்தக் காலோடு நடந்திருந்தால் பழனிப் பாதயாத்திரைக் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

இப்போது அந்தப் பல் தேய்க்கிறவருக்கு வருகிறேன். நாங்கள் வெறுங்காலோடு வந்ததை அவர் பார்த்துவிட்டார். வாயில் பிரஷ்ஷோடு ஜன்னலிலிருந்தே விசாரித்தார். அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: “நாளைக்கு அஷ்டமி சப்பரம். அத்தைய கூட்டிட்டுப் போங்க.” எந்த ரிசார்ட் மேனேஜர் இதைச் சொல்வார்?

எறும்புக்குக்கூட இறைவன் படியளந்ததைக் கொண்டாடுகிற நாள் அது. மீனாட்சியும் சொக்கரும் வெளி வீதியில் வருவார்கள். அம்மன் சப்பரத்தைப் பெண்கள்தான் இழுப்பார்கள். வழியெல்லாம் அரிசி தூவுவார்கள்.

என் மாமியாருக்கு மூட்டு வலி. ரூமுக்கு லிஃப்ட் இல்லை என்று முந்தின நாள் முழுக்க எங்களைத் திட்டினவர். அவர் போய் வடத்தைப் பிடித்தார். பக்கத்தில் பூக்காரம்மா ஒருத்தி, பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி. யாரும் யாரையும் யாரென்று கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் நான் அப்படியொரு சிரிப்பைப் பார்த்ததில்லை. அப்புறம் தரையில் குனிந்து, சிதறிய அரிசியைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பானையில் போட்டார். அந்த வீட்டில் இனி அரிசிக்குப் பஞ்சம் வராதாம்.

நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பு அப்புறம் வரட்டும். ரிசார்ட் நீச்சல் குளத்துத் தண்ணீரை எந்த மாமியார் முந்தானையில் முடிந்து வந்தார்? முதலில் தம்பி அதற்குப் பதில் சொல்லட்டும். வணக்கம்.