அல்டிமேட் பதிப்பின் விலை

நேயர்களுக்கு வணக்கம்.

புதிய வீடியோ கேம் ஒன்றின் அறிவிப்பு வந்ததும், அது எப்படிப்பட்ட விளையாட்டு என்று யாருக்கும் சரிவரத் தெரிவதற்கு முன்பே, ஸ்டாண்டர்ட், டீலக்ஸ், அல்டிமேட் என்று மூன்று நான்கு பதிப்புகளும் அவற்றுக்கான விலைகளும் வெளிவந்துவிடுகின்றன. எந்தப் பதிப்பில் எது உண்டு, எது இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு பெரிய அட்டவணையையே படிக்க வேண்டியிருக்கிறது. அந்த அட்டவணையில் கூடுதல் பணத்துக்கு விற்கப்படுவது எது என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

2006 ஏப்ரலில் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்’ விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசம் 2.50 டாலருக்கு விற்கப்பட்டபோது, அலங்காரத்துக்குப் பணமா என்று விளையாடுவோர் கொதித்தெழுந்தார்கள். எனினும் அந்த வியாபாரத்தில் ஒளிவுமறைவு இல்லை. விளையாட்டு ஏற்கனவே கையில் இருந்தது, வாங்குகிறவருக்குத் தாம் எதை வாங்குகிறோம் என்பதும் தெரிந்திருந்தது.

2012 மார்ச்சில் வந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ அப்படிப்பட்டதன்று. முதல் பாகத்திலிருந்தே அழிந்துபோனதாகச் சொல்லப்பட்டு வந்த புரோதியன் இனத்தின் கடைசி உயிராகிய ஜாவிக், விலை கூடிய கலெக்டர்ஸ் பதிப்பு வாங்கியவர்களுக்குச் சேர்ந்தே வந்தான். சாதாரணப் பதிப்பு வாங்கியவர்கள் வெளியீட்டு நாளிலேயே அவனுக்காக மேலும் 10 டாலர் கட்ட வேண்டியிருந்தது. கதையின் ஆணிவேரோடு தொடர்புடைய ஒரு பாத்திரத்தைத் தனியே எடுத்து விலை வைப்பதைப் போனஸ் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. சாதாரணப் பதிப்பில் குறை வைத்துவிட்டு, அந்தக் குறையை நிரப்புவதற்கு விலை கேட்பதாகவே அதை நான் பார்க்கிறேன்.

இப்போது குறை வைக்கப்படுவது பெரும்பாலும் நாட்களில். 2023-இல் ‘ஸ்டார்ஃபீல்ட்’ செப்டம்பர் 6 அன்று வெளியானது. அதன் சாதாரணப் பதிப்பு 69.99 டாலர். 99.99 டாலர் கொடுத்துப் பிரீமியம் பதிப்பை வாங்கியவர்கள் செப்டம்பர் 1 அன்றே விளையாடத் தொடங்கினார்கள். இதற்கு ‘முன்கூட்டிய அணுகல்’ என்று பெயர் வைக்கிறார்கள். ஆனால் விளையாட்டு 1-ஆம் தேதியே தயாராக இருந்தது என்றால், குறைந்த விலை கொடுத்தவர்கள் ஐந்து நாள் காக்க வைக்கப்பட்டார்கள் என்பதே சரியான கணக்கு. அதே பதிப்பில் அடங்கியிருந்த ‘ஷாட்டர்ட் ஸ்பேஸ்’ என்ற விரிவாக்கமோ (விளையாட்டோடு பின்னர் சேரும் கூடுதல் கதைப் பகுதி) 2024 செப்டம்பர் இறுதியில்தான் கைக்கு வந்தது. அதாவது ஓராண்டுக்கும் மேலாக, உருவாகாத ஒரு பொருளுக்கு வாங்கியவர்களின் பணம் முன்பணமாகக் கிடந்தது.

தயாரிப்புச் செலவு பெருகிவிட்டது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. பெரிய விளையாட்டுகளின் விலை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் 59.99 டாலரிலேயே நின்று, 2020-இல் புதிய கன்சோல்கள், அதாவது தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் கருவிகள், வந்தபோதுதான் 69.99-ஐத் தொடத் தொடங்கியது. விரும்பி அதிகம் கொடுக்கும் ரசிகர்களிடம் ஓவியத் தொகுப்பையும் இசைத் தொகுப்பையும் விற்று அந்தச் செலவை ஈடுகட்டுவதில் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் அதிலும் சொன்ன பொருளைத்தான் கொடுக்க வேண்டும்: 2018-இல் ‘ஃபால்அவுட் 76’ விளையாட்டின் 200 டாலர் பதிப்பில் கித்தான் பை என்று விளம்பரப்படுத்திவிட்டு நைலான் பையை அனுப்பினார்கள்; எதிர்ப்பு வலுத்த பிறகே கித்தான் பையைத் தர முன்வந்தார்கள்.

கடைகளின் விதிகள் சற்றே மாறி வருகின்றன. கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், முன்கூட்டிய அணுகலில் விளையாடிய நேரத்தையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடினால் பணம் திரும்பக் கேட்க முடியாது என்ற வரம்புக்குள் சேர்த்து 2024 ஏப்ரலில் விதியைத் திருத்தியது. அந்த நாட்களில் கிடைப்பது முழு விளையாட்டே என்பதை, என் பார்வையில், கடையே ஒப்புக்கொண்டது போலத்தான் இது. அதே ஆண்டு நவம்பரில், பின்னால் வரப்போகும் கூடுதல் பகுதிகளுக்கு மொத்தமாக முன்பணம் வாங்கும் ‘சீசன் பாஸ்’ விற்பவர்கள் அதில் என்னென்ன வரும், எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றும், வராமல் போனால் அந்தப் பகுதிக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அது வரையறுத்தது. கன்சோல் கடைகள் உட்பட எல்லாக் கடைகளிலும் இந்த இரண்டாவது விதி கட்டாயமாக வேண்டும். அதுவரை, அட்டவணையில் தேதி போடாத எந்த உள்ளடக்கத்துக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.