யார் கேட்டது என்று தெரியாதவர் எங்கே போவார்?

(அரூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். அரசு நம் போனை ஒட்டுக்கேட்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அரூரில் நின்று அதிகாரிகளைக் கேள்வி கேட்பதைப் பற்றிப் பேசினால் வாச்சாத்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் புகுந்தன. ஆலமரத்தடியில் ஊரையே கூட்டினார்கள். பெண்களை இழுத்துவந்து இதே அரூர் வனத்துறை அலுவலகத்தில் இரவு முழுக்க அடைத்து வைத்தார்கள். 18 பெண்களுக்கு நடந்த கொடுமையை இங்கே நான் விவரிக்கத் தேவையில்லை.

குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேரையும் 2011-இல் நம் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 31 வருஷம் ஆனாலும் வழக்கு நின்றதென்றால், வந்தவர்களின் முகத்தை அந்தப் பெண்கள் பார்த்திருந்தார்கள், அதை மறக்கவில்லை.

ஒட்டுக்கேட்பில் அப்படியொரு முகமே கிடையாது. உங்கள் போனை ஒருவர் ஆறு மாதம் கேட்டால்கூட உங்களுக்குத் தெரியாது. தெரியாதவர் எங்கே போய்ப் புகார் கொடுப்பார்?

உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி. 1887-இல் தொடங்கியது, வெளிநாட்டு உளவு அமைப்பான ரா 1968-இல். இரண்டுக்குமே நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் இன்றுவரை இல்லை. 2011-இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி அப்படியொரு சட்டத்துக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அதுவும் சட்டமாகவில்லை. தகவல் உரிமைச் சட்டத்திலும், ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர, இவர்களுக்கு விலக்கு.

சரி, ஒட்டுக்கேட்க யார் உத்தரவு போடுகிறார்கள்? உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்ப்பது மூன்று செயலாளர்கள் கொண்ட குழு. அதில் நீதிபதியோ எம்.பி.யோ கிடையாது. மத்திய அரசு மாதத்துக்கு 7,500 முதல் 9,000 உத்தரவு வரை போடுகிறது என்று 2013-இல் ஒரு தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்தது. குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடினால், ஒரே உட்காரலில் குறைந்தது 15,000 உத்தரவு. மூன்று பேர் ஒவ்வொன்றையும் படித்துப் பார்ப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் என்ற மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றமே குழு போட்டது. 29 போன்களை ஆராய்ந்ததில் ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தானா என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாகத் தலைமை நீதிபதியே 2022-இல் நீதிமன்றத்தில் தெரிவித்தார்.

ஜெர்மனியில் ஒட்டுக்கேட்பு முடிந்து, விசாரணைக்கு இனி பாதகமில்லை என்றானதும், சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தகவல் வந்த பிறகு அவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நம் சட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அந்த ஒரு வரியைக் கேளுங்கள்.