வாய்க்கு வராத சொல்: படிப்படியாக மொழி இழப்பவரோடு பேசுவது எப்படி?

(திரையில்: ஒரு மேசை, அதன் மேல் மூக்குக்கண்ணாடி, எதிரெதிரே இரு நாற்காலிகள்.)

மேசையில் இருக்கும் மூக்குக்கண்ணாடியைக் கைகாட்டி, "அந்த... படிக்கிறதுக்கு... அது..." என்று ஒருவர் தடுமாறுகிறார். "அதுக்குப் பேர் என்னப்பா? யோசிச்சுச் சொல்லுங்க" என்கிறாள் மகள். பழகினால் சொல் திரும்பிவிடும் என்ற ஆசையில்தான் அவள் கேட்கிறாள். எனினும் கேட்ட கணமே பேச்சு பரீட்சையாகிவிடுகிறது. நாளொன்றுக்குப் பத்து முறை அந்தப் பரீட்சையில் தோற்பவர், மெல்ல மெல்ல வாய் திறப்பதையே குறைத்துக்கொள்வார்.

இந்நிலையைப் பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியா என்கிறார்கள். பக்கவாதத்தால் திடீரென வரும் மொழி இழப்பு நாளடைவில் ஓரளவு தேறலாம். இதுவோ மூளையின் மொழிப் பகுதிகள் நலிந்துகொண்டே வருவதால் ஆண்டுக்கு ஆண்டு கூடிச் செல்வது. 1982இல் நரம்பியல் மருத்துவர் மார்செல் மெசுலம் இத்தகைய ஆறு பேரைப் பற்றி எழுதினார். பொதுவான மறதிநோயின் அறிகுறிகள் இன்றி, மொழி மட்டும் தேய்ந்துவந்ததே அவர் கவனப்படுத்திய செய்தி.

2011இல் வல்லுநர்கள் வகுத்த இந்நோயின் மூன்று வகைகளுக்கும் ஒரே மாதிரியான துணை பொருந்தாது. சிலருக்கு வாக்கியம் அமைப்பதும் ஒலிகளை உச்சரிப்பதும் கடினமாகும்; எழுத்து, சைகை, படம் ஆகியவை அவர்களுக்குக் கைகொடுக்கும். 'இல்லை' என்று நினைத்து 'ஆமாம்' என்று சொல்லிவிடுபவர்களும் இவர்களில் உண்டு என்பதால், கட்டைவிரலை மேலோ கீழோ காட்டச் சொல்லி உறுதிசெய்துகொள்வது நல்லது. வேறு சிலருக்குச் சொல் நுனிநாக்கில் நிற்கும். நீண்ட வாக்கியமோ காதில் விழுந்தும் மனத்தில் தங்காது. ஒரு நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்லிக் காத்திருங்கள். இன்னும் சிலருக்குச் சொல்லின் பொருளே மறைந்துவிடும்: "கத்திரிக்கோல் எங்கே?" என்றால், "கத்திரிக்கோல்னா என்ன?" என்று கேட்பார். அவருக்கு முதல் எழுத்தை எடுத்துக்கொடுப்பதால் பெரிதாகப் பயனிராது. பொருளையே கையில் எடுத்து, காகிதத்தை வெட்டிக் காட்ட வேண்டும்.

(திரையில்: படங்கள் ஒட்டிய ஒரு நோட்டுப் புத்தகம்.)

இந்நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இல்லை. ஆயினும் பேச்சுப் பயிற்சியாளரிடம் சீக்கிரமே செல்லுங்கள் என்று வலியுறுத்துகிறேன். ஏனெனில், படங்களைத் தொட்டுக் காட்டிப் பேச உதவும் உரையாடல் புத்தகம் ஒன்றை, அதில் எவை இடம்பெற வேண்டும் என்று நோயாளியே தேர்ந்தெடுக்க முடிகிற காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும். கடையில் விற்கும் படங்களைவிட அவருடைய சொந்தக் கோப்பை, சொந்த நாற்காலி, பேரப்பிள்ளையின் முகம், அதன் கீழே பெரிய எழுத்தில் பெயர் ஆகியவையே பயன்படும். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்ட ஓர் உடல் படமும் வேண்டும். அவருடைய குரலையும் இப்போதே பதிவுசெய்து வைக்கலாம்.

வெளியாட்கள் அவரை விட்டுவிட்டு உங்களிடமே கேள்வி கேட்கும் நாள் வரும். உடனே பதில் சொல்லாமல் அவர் பக்கம் திரும்பி, "நான் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள், அவர் தலையசைக்கும்வரை காத்திருங்கள்.