கையில விர்ருனு ஓடுதா?

வணக்கம் நேயர்களே. நான் டயாலிசிஸ் நர்ஸ், அதாவது கிட்னி வேல செய்யாதவங்க ரத்தத்த மெஷின் வச்சு சுத்தம் பண்ற எடத்துல வேல. எங்ககிட்ட வர்ற ஒரு அங்கிள் கதையிலேர்ந்தே ஆரம்பிச்சிடுறேன். மாசாமாசம் எடுக்குற ரத்த ரிப்போர்ட்ல அவருக்குப் பொட்டாசியம் ஏறிக்கிட்டே இருந்துச்சு, ஆன்ட்டி வாழைப்பழத்த நிறுத்தி, இளநிய நிறுத்தி, சாம்பார்ல உருளைக்கிழங்கு கூடப் போடாம மனுஷனப் படாத பாடு படுத்துறாங்க, இவரு எங்கிட்ட வந்து "சத்தியமா ஒண்ணும் திங்கலம்மா"ன்னு பொலம்புவாரு. நானும் நம்பலங்க, அதான் உண்மை.

அப்புறம் யூஆர்ஆரும் எறங்குச்சு. டயாலிசிஸ்ல யூரியாங்குற கழிவு எவ்ளோ கொறையுதுங்குற கணக்கு அது, 65 சதவீதமாவது வரணும். ஊசி எடுத்தா பத்து நிமிஷத்துல நிக்கிற ரத்தம் அரை மணியாகியும் நிக்கல. அப்பதான் பொறி தட்டுச்சு. ஸ்கேன் பண்ணிப் பாத்தா ஃபிஸ்டுலாவுக்கு, அதான் டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்குன்னு கையில தச்சு வச்ச எடத்துக்கு, மேல ரத்தக்குழாய் சுருங்கிக் கெடக்கு. சுத்தமான ரத்தம் மேல போக வழியில்லாம திரும்ப மெஷினுக்கே வருது, கழுவுன தட்டையே மறுபடி கழுவுற கத.

ஃபிஸ்டுலாங்கிறது கையில தமனியையும் சிரையையும் சேத்துத் தைக்கிறது. 1966ல நியூயார்க்ல பிரெசியா, சிமினோ டீம் சொன்ன வழி, இன்னைக்கும் இத அடிச்சிக்க ஆளில்ல.

ரத்த டெஸ்ட்லயே அடைப்ப முன்கூட்டிக் கண்டுபிடிச்சிடலாமான்னு கேக்குறாங்க. சிஆர்பி (உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறுற புரதம்) ஏறி, ஆல்புமின்ங்குற இன்னொரு ரத்தப் புரதம் எறங்குனவங்களுக்கு ஃபிஸ்டுலா தொல்லை கூடுதலா வருதுன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, ஆனா சொத்தைப்பல் சீழ் பிடிச்சாலும் சிஆர்பி ஏறுமே, அத வச்சு மட்டும் குழாய் அடைக்கப் போகுதுன்னு யாரும் சொல்ல முடியாது. அதுக்கு உங்க விரல்தான் லாயக்கு. காலையில பல் வெளக்குன கையோட ஃபிஸ்டுலா மேல மூணு விரல வைங்க, பூனை மடியில படுத்து உறுமுற மாதிரி விர்ருனு ஓடணும். ஓடலன்னா அடுத்த டயாலிசிஸ் வரட்டும்னு இருக்காதீங்க, ஒடனே சென்டருக்குப் போன் போடுங்க, லேட்டாக ஆக அடைப்ப எடுக்குறது கஷ்டம். அந்தக் கையில பிபி பாக்க விடாதீங்க, தேக்கா மார்க்கெட் பையையும் மாட்டிக்கிட்டு நடக்காதீங்க.

அங்கிளுக்குப் பலூன் வச்சு விரிச்சு விட்டாங்க, அடுத்த ரிப்போர்ட்ல பொட்டாசியம் எறங்கிடுச்சு. ஆன்ட்டி மட்டும் இன்னும் வாழைப்பழத்த ஒளிச்சுதான் வைக்கிறாங்களாம், அதுல தப்பில்ல, வச்சுக்கட்டும்.