நிஞ்சா ஆமைகள் நால்வருக்கும் முதலில் ஒரே சிவப்பு! அப்புறம் ஒருத்தர் எங்கள் குளத்துப் பால் ஆமைக்கு உறவுக்காரர் ஆனது எப்படி?

(திரையில்: நாலு நிஞ்சா ஆமைகள் வரிசையாக. நீலம், சிவப்பு, ஊதா, செம்மஞ்சள் முகக்கட்டுகள்.)

வணக்கம் உறவுகளே!

நீலம் யார்? லியோனார்டோ. சிவப்பு ரஃபேல், ஊதா டொனாடெல்லோ, செம்மஞ்சள் மைக்கலாஞ்சலோ. நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லிப்போடுவார்கள்.

(திரையில்: நிறங்கள் மறைய, நாலு முகக்கட்டும் சிவப்பாகின்றன.)

சரி, இப்ப சொல்லுங்கள். யார் எவர்?

1984இல் இவர்கள் பிறந்தபோது இப்படித்தான் இருந்தார்கள். நாலு பேருக்கும் ஒரே உயரம், ஒரே முகம், ஒரே சிவப்பு. அங்கிருந்து இன்றுவரை இவர்களை வரைந்த எல்லோரும் மல்லுக்கட்டியது ஒரே கேள்வியோடுதான்: ஒரே மாதிரி இருக்கும் நாலு சகோதரர்களைப் பார்க்கிறவர் எப்படிப் பிரித்தறிவார்? ஒவ்வொரு தடவையும் வேறு விடை கிடைத்தது. அதில் ஒரு விடை, எங்கள் வன்னிக் குளங்களில் கிடக்கிற ஆமைகளைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. அந்த இடத்தில் கொஞ்சம் நின்று கதைக்கப்போகிறேன், விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

(திரையில்: பழைய கறுப்பு வெள்ளைக் கொமிக்ஸ் பக்கங்கள்.)

பின்னணியை ஓட்டமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லெயர்ட் என்று இரண்டு பேர். 1983இல் ஒரு இரவு ஈஸ்ட்மன், இரண்டு காலில் நின்று சண்டைக்கு ஆயத்தமாகிற ஆமை ஒன்றைச் சிரிப்புக்காகக் கீறினார். லெயர்ட் சிரித்தார். அது நாலு ஆமையாகி, வருமான வரியில் திரும்பி வந்த காசும் உறவினர் ஒருவரின் கடனுமாகச் சேர்த்து, 1984 மே மாதம் 3,000 சொச்சம் பிரதி அச்சடித்தார்கள். பெயர்: டீனேஜ் மியூட்டண்ட் நிஞ்சா டர்ட்டில்ஸ்.

காசு இல்லாததால் உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை. அட்டையில் மட்டும்தான் நிறம், அங்கே எல்லோருக்கும் சிவப்பு. அப்போ ஆளை எப்படிப் பிடிப்பது? கையில் இருக்கும் ஆயுதத்தைப் பார்த்துத்தான். இரட்டை வாள் லியோனார்டோ, முள்ளுக்கத்தி மாதிரியான சாய் ரஃபேல், நீளத் தடி டொனாடெல்லோ, சங்கிலியில் கோத்த இரட்டைக்கட்டை மைக்கலாஞ்சலோ. கண்ணில் கருமணி கிடையாது, வெறும் வெள்ளை. பார்க்கவே ஒரு பயம் வரும். ஆயுதத்தைக் கீழே வைத்தால் ஆள் யாரென்று தெரியாது!

(திரையில்: 1987 கார்ட்டூன், பளிச்சென்ற நிறங்களில்.)

1987 டிசெம்பரில் ரீவிக்கு வந்தார்கள். பிளேமேட்ஸ் என்ற விளையாட்டுச் சாமான் கொம்பனி இவர்களைப் பொம்மையாக விற்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரே மாதிரி நாலு பொம்மையை எந்தத் தாய் தகப்பன் வாங்கிக் கொடுப்பார்கள்? ஆளுக்கொரு நிறம் வந்தது. இடுப்புப் பட்டியில் அவரவர் பெயரின் முதல் எழுத்து வந்தது. கண்ணுக்குக் கருமணி, முகத்துக்குச் சிரிப்பு. இதே கார்ட்டூனைப் பிரித்தானியாவில் 'நிஞ்சா' என்ற சொல்லையே எடுத்து, 'ஹீரோ' என்று மாற்றித்தான் காட்டினார்கள். மைக்கலாஞ்சலோவின் இரட்டைக்கட்டை வரும் காட்சிகளையும் வெட்டினார்கள். பிந்திய பருவங்களில் அவர் கையில் கட்டையே இல்லை, கொக்கி கட்டிய கயிறுதான்.

பலர் இந்த நிறப் பிரிப்பை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கார்ட்டூன் உலகம் முழுக்க ஓடிய 90களின் முதல் பாதியில் வன்னியில் மின்சாரமே இல்லை. பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் விளக்கு. இங்கே கனபேர் இந்த நால்வரையும் முதலில் கண்டது ரீவியில் இல்லை. பிறகு வந்த புத்தகப் பைகளிலும், தண்ணீர்ப் போத்தலிலும், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய ரீசேட்டிலும்தான். கதை தெரியாது, குரல் கேட்டதில்லை, பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் 'நான் சிவப்பு', 'நீ நீலம்' என்று பெடியள் பங்கு பிரித்து விளையாடினார்கள். சத்தமும் கதையும் இல்லாமலே ஒரு வடிவமைப்பு தன் வேலையைச் செய்கிறது என்றால் அது லேசான வேலையா? அந்த நிறங்களைத் தெரிவு செய்தவர்களுக்கு என் கைதட்டு!

(திரையில்: 1990 திரைப்படம்.)

1990இல் முதல் திரைப்படம். பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் பட்டறை செய்த றப்பர் உடுப்புக்குள் மனிதர்கள் இறங்கி, ஓடிப் பாய்ந்து சண்டை போட்டார்கள். முகத்துக்குள் சின்னச் சின்ன மோட்டர்கள், அவற்றை வெளியே நின்று இயக்கியது வேறு ஆட்கள். தோலில் புள்ளியும் சுருக்கமும் ஈரமும் தெரியும். இன்றைக்குப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும்.

1997இல் ஒரு தொடரில் வீனஸ் என்ற பெண் ஆமை ஐந்தாவதாக வந்து, ஒரே பருவத்தோடு போய்விட்டார். 2003 தொடர் கொமிக்ஸின் வெள்ளைக் கண்ணைத் திரும்பக் கொண்டுவந்தது. தோலின் பச்சையும் ஆளுக்கு ஆள் மாறியது. 2007இல் ஒரு கணினி வரைகலைப் படம். 2009இல் நிக்கலோடியன் என்ற பிள்ளைகளுக்கான ரீவி நிறுவனம் 60 மில்லியன் டொலருக்கு எல்லா உரிமையையும் வாங்கியது.

அப்புறம் 2012 தொடர். இங்கேதான் முதல் தடவையாக உடம்பை முழுசாக மாற்றத் துணிந்தார்கள். டொனாடெல்லோ நெடுவல், முன்பல்லில் இடைவெளி. மைக்கலாஞ்சலோ குட்டை, கன்னத்தில் புள்ளிகள். ரஃபேலின் நெஞ்சு ஓட்டில் ஒரு வெடிப்பு. எனக்கு மிகவும் பிடித்தது கண்தான். சாதாரண நேரத்தில் கருமணியோடு பிள்ளைகளாக இருப்பார்கள். சண்டை உக்கிரமானால் கண் முழுக்க வெள்ளையாகிவிடும். 1984இன் பயமும் 1987இன் சிரிப்பும் ஒரே முகத்தில்! இதை யோசித்தவர் பழைய கொமிக்ஸை உண்மையாகவே நேசித்தவராக இருக்க வேண்டும்.

(திரையில்: 2014 திரைப்படம்.)

2014 படத்தில் ஆறடிக்கு மேல் உயரம், மலை மாதிரி உடம்பு. ஆளுக்கொரு அலங்காரம்: ஒருவருக்குக் கறுப்புக் கண்ணாடி, ஒருவருக்கு முதுகு நிறைய இலத்திரனியல் கருவி, ஒருவருக்குச் சிப்பி மாலை. அதுவரை சரி. ஆனால் மனிதருக்கு இருப்பது போல உதடும் மூக்குத் துவாரமும் வைத்தார்கள். அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆமை முகத்தின் அழகே அந்தக் கொம்பு வாயில்தான் இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் என்று சொல்கிறார்கள், பார்த்தால் மல்யுத்த வீரர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

இனி நான் நிற்கப்போகிற இடம்.

(திரையில்: 2018 தொடர். முதலில் நாலு கறுப்பு நிழல்கள் மட்டும்.)

கார்ட்டூன் வரைபவர்களிடம் ஒரு சோதனை உண்டு. ஆளை முழுக்கக் கறுப்பாக்கிவிடுங்கள். நிழலை மட்டும் பார்த்து ஆளைச் சொல்ல முடிந்தால் வடிவமைப்பு வெற்றி. 1987 ஆமைகளை இப்படிக் கறுப்பாக்கினால் ஆயுதம் மட்டும்தான் மிஞ்சும். 2018 ஆமைகளைப் பாருங்கள். ஒன்று பெருத்து, முதுகெல்லாம் முள். ஒன்று மெலிந்து நீளம். ஒன்று குட்டையாக உருண்டை. நிறமும் வேண்டாம், ஆயுதமும் வேண்டாம்!

எப்படி இது முடிந்தது? நால்வரையும் நாலு வேறு ஆமை இனமாக்கிவிட்டார்கள். எல்லாம் அமெரிக்காவில் உண்மையாகவே வாழும் இனங்கள்.

லியோனார்டோ செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும், செல்லப்பிராணிக் கடைகளில் காசளவு குஞ்சாக விற்பார்கள். முதல் கொமிக்ஸிலேயே இவர்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு பையன் கொண்டுபோன குஞ்சுகள்தான். இடையில் ஒன்று சொல்லவேண்டும்: குஞ்சு ஆமைகளால் பிள்ளைகளுக்கு சல்மொனெல்லா கிருமி தொற்றியதால், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடை செய்துவிட்டது. வளர்த்துவிட்டுக் குளத்தில் கொண்டுபோய் விடுகிற பழக்கத்தால், இந்த இனம் உலகத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலிலும் இருக்கிறது. அழகாக இருக்கிறதென்று வாங்கிவந்து இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ரஃபேல் அலிகேட்டர் ஸ்னாப்பிங் ஆமை. வட அமெரிக்காவின் ஆகப் பெரிய நன்னீர் ஆமை. ஆற்றடியில் வாயைத் திறந்தபடி கிடக்கும். நாக்கில் புழு மாதிரி ஒரு சதை ஆடும், மீன் அதைத் தின்ன வந்தால் கதை முடிந்தது. முதுகில் மூன்று வரிசை முள். இதை எங்கே கண்டிருக்கிறோம்? எங்கள் குளங்களில் இருக்கும் கறுத்த ஆமையின் முதுகிலும் மூன்று வரம்புகள் ஓடுகின்றன, பார்த்திருக்கிறீர்களா? விஞ்ஞானப் பெயரிலேயே அந்த மூன்று இருக்கிறது, டிரைஜூகா. முள் இல்லை, உருவம் சின்னன், குணமும் சாது. ஆனால் அமைப்பு அதே மூன்று வரிசை.

மைக்கலாஞ்சலோ பெட்டி ஆமை. ஓடு முழுக்க மஞ்சள் கதிர் கோலம். எங்கள் பற்றைக்காட்டு நட்சத்திர ஆமையின் ஓட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கண்டம், நெருங்கிய உறவும் இல்லை, ஆனாலும் கறுப்பில் மஞ்சள் கதிர்! பெட்டி ஆமையின் வயிற்று ஓட்டில் மூட்டு இருப்பதால் தலை, கால் எல்லாவற்றையும் இழுத்து இறுக்கிப் பூட்டிக்கொள்ளும். தொடரில் மைக்கலாஞ்சலோ ஓட்டுக்குள் சுருண்டு பந்தாக உருளுவது அதனால்தான்.

டொனாடெல்லோவுக்கு வருவோம்!

(திரையில்: ஒரு பக்கம் டொனாடெல்லோ, மறுபக்கம் குளக்கரையில் பால் ஆமை.)

அவர் மென்னோட்டு ஆமை. இந்தக் குடும்பத்துக்கு மேலே கொம்புச் செதில் கிடையாது, எலும்புக்கு மேல் தோல்தான். எங்கள் பால் ஆமையும் இதே குடும்பம்! இலங்கையில் இருப்பதை இலங்கைக்கே உரிய தனி இனமாக இப்போது பிரித்திருக்கிறார்கள். நீரில் கிடந்தபடி மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சு விடும், நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள்.

வடிவமைப்பாளரின் கெட்டித்தனத்தைப் பாருங்கள். மற்ற மூவருக்கும் முதுகு கெட்டி, இவருக்கு மட்டும் மெது. அடி விழுந்தால் நோகும். அதனால் இவர் தனக்கென்று உலோக ஓடு செய்து முதுகில் பூட்டிக்கொள்கிறார். அதில் பறக்கும் கருவி, இயந்திரக் கை எல்லாம் வைத்திருக்கிறார். 1984 முதல் 'டொனாடெல்லோ கெட்டிக்காரன், கருவி செய்வான்' என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஏன் செய்கிறான் என்று உடம்பாலேயே விடை சொன்னது இந்தத் தொடர்தான். மூன்று அண்ணன் தம்பிமாரோடு ஓடி விளையாட வேண்டிய பிள்ளை, தன் முதுகைத் தானே செய்துகொள்கிறான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு நெஞ்சைத் தொடுகிற இடம் இது.

இன்னொன்று. எங்கள் பால் ஆமைக்குப் பின்னங்கால் பக்கம் இரண்டு தோல் மடல் இருக்கிறது. காலை உள்ளே இழுத்ததும் மடல் மூடிக்கொள்ளும். டொனாடெல்லோவின் இனத்துக்கு இந்த மூடி இல்லை. கோடையில் குளம் வற்றினால் பால் ஆமை சேற்றுக்குள் புதைந்து மாரி மழைக்காகக் காத்துக் கிடக்கும். இதை வைத்து ஒரு வீரனை வரையலாமா இல்லையா?

(திரையில்: 2023 திரைப்படம்.)

2023 படத்தில் நால்வரையும் பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறியது போல வரைந்தார்கள். கோடு கோணல், முகத்தின் இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்தாது. டொனாடெல்லோவுக்குத் தடித்த கண்ணாடி, மைக்கலாஞ்சலோவுக்குப் பல்லுக்குக் கம்பி. குரல் கொடுத்தவர்களும் உண்மையான பதின்ம வயதுப் பெடியள். ஒரு வழியாக இவர்கள் வயசுக்கு வந்து சேர்ந்தார்கள். அழகில் இதற்கும் நான் முழுப் புள்ளி கொடுப்பேன். ஆனால் முதலிடம் 2018க்குத்தான். கோபப்படுகிற 2003 இரசிகர்கள் கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் வாசிப்பேன்.

(திரையில்: வெள்ளைத் தாள், பென்சில்.)

இந்த வீடியோ பார்க்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேலை. வன்னியின் நாலு ஆமைகளை ஒரு குழுவாக வரையுங்கள்: பால் ஆமை, மூன்று வரம்புக் கறுத்த ஆமை, நட்சத்திர ஆமை, முல்லைத்தீவுக் கரைக்கு முட்டையிட வரும் கடலாமை. நாலும் நாலு வடிவம். கடலாமைக்குக் கால் இல்லை, துடுப்புத்தான். அது கையில் என்ன பிடிக்கும், எப்படி நடக்கும் என்று நீங்களே யோசிக்க வேண்டும். முதலில் கறுப்பு நிழலாகக் கீறி, வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் நாலையும் பிரித்துச் சொன்னால் மட்டும் நிறம் கொடுங்கள். மாதிரிக்கென்று ஆமையைப் பிடித்துக்கொண்டு வரவேண்டாம், குளக்கட்டில் இருந்து பார்த்தாலே போதும். நட்சத்திர ஆமையைக் கடத்தி விற்கிறவர்களால் அந்த இனம் படுகிற பாடு போதும். 2019இல் அதன் சர்வதேச வியாபாரத்தையே தடை செய்ய வேண்டி வந்தது.

கீறிய படத்தை போனில் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வருகிற படங்களை அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டி, எது ஏன் வேலை செய்கிறது என்று கதைப்போம்.